இன்றைக்கு எடுத்த படம்

அண்ணி ஹாலில் குப்புறப் படுத்திருக்கிறார். தலையிலிருந்து இடுப்புவரை கறுப்புத் துணி. துணிக்கு வெளியே கேமராவின் மூக்கு மட்டும் நீண்டு, மீன் தொட்டியின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முதல் தடவை பார்க்கிறவர்கள் பதறிவிடுவார்கள். தண்ணீர் கேன் போட வந்தவர் ஒருநாள் கேனை வாசலிலேயே வைத்துவிட்டு, செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் ஓடினார்.

துணிக்குள்ளிருந்து குரல் வருகிறது.

"மாமா, கொஞ்சம் இந்தப் பக்கம். அவ்வளவுதான். துடுப்பை மடக்காதீங்க. மடக்காதீங்கன்னு சொல்றேன்ல?"

மாமா மடக்கிக்கொள்கிறார். மாமா ஒரு கெளுத்தி மீன். முக்கால் சாண் நீளம், கறுப்பு உடம்பு, அதில் அரிசி நொய் தூவினது போல வெளிர் புள்ளிகள். வாய் முகத்துக்கு அடியில் இருக்கிறது. அதை வைத்துக் கல்லிலோ கட்டையிலோ ஒட்டிக்கொண்டால் ஒட்டிக்கொண்டதுதான், யார் சொன்னாலும் நகர மாட்டார். மூக்குக்கு மேல் கிளை கிளையாகத் தாடி. மீன் கடையில் போய் 'சக்கர்' என்று கேட்டால் இந்த வகையில் கைக்கு அகப்பட்டதைப் பிடித்துக் கொடுப்பார்கள். எங்கள் சக்கருக்கு வயது பதினொன்று.

மாமா என்ற பெயர் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் அப்பாவுக்கும் தாடி உண்டு. இப்போது ஹால் சுவரில் படமாக இருக்கிறார். அண்ணி கல்யாணமாகி வந்தபோது மாமனாரைப் படத்தில்தான் பார்த்தார். படத்தைப் பார்த்தார், அதற்கு நேர் கீழே இருந்த தொட்டியைப் பார்த்தார், "ரெண்டு பேருக்கும் ஒரே ஜாடை" என்றார். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சுருக்கென்றது. பெற்ற அப்பனை மீன் என்று சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்? ஒரு வாரம் அண்ணியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் ஒருநாள் தொட்டி முன்னால் உட்கார்ந்து உற்றுப் பார்த்தேன். கூப்பிட்டால் காதில் விழாதது போல் கிடப்பது, சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் டாண் என்று ஆஜராவது, சின்னவர்கள் பக்கத்தில் வந்தால் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு இடத்தை மாற்றுவது, எல்லாம் அப்பாவேதான். அன்றிலிருந்து நானும் காலையில் மாடியிலிருந்து இறங்கும்போது, "அப்பா சாப்பிட்டாரா?" என்றுதான் கேட்கிறேன்.

அண்ணன் கப்பலில், இன்ஜின் அறையில் வேலை பார்க்கிறான். எட்டு மாதம் கடல், நாலு மாதம் வீடு. கீழ்வீடு அவர்களுடையது, மாடி அறை எனக்கு. மிக்சி, ஃபேன், இஸ்திரிப்பெட்டி வாங்கினால் கூடவே ஒரு உபயோகக் குறிப்புப் புத்தகம் வருமே, பிரித்துக்கூடப் பார்க்காமல் டிராயரில் போடுவீர்களே, அதை எழுதுகிறவன் நான். எழுதுவது மாடியில், சாப்பாடு கீழே. பிரம்மச்சாரிக்கு இதைவிட என்ன வேண்டும்?

அண்ணிக்கும் படம் எடுப்பதுதான் தொழில். மீனை அல்ல, மனிதர்களை. அதிலும் ஆடி அசைந்து, சாய்ந்து நின்று, பூவை முகர்ந்து பார்க்கிற படமெல்லாம் கிடையாது. பாஸ்போர்ட், லைசென்ஸ், அடையாள அட்டை, வேலை விண்ணப்பம். தெரு முனையில் ஒரு ஷட்டர் அகலத்துக்குக் கடை. உள்ளே ஒரு ஸ்டூல், ஒரு வெள்ளைத் திரை, ஒரு கண்ணாடி, அதன் பக்கத்தில் யாரும் தூக்கிக்கொண்டு போகாமல் இருக்க நூலில் கட்டிய சீப்பு. "ரெண்டு காதும் தெரியணும்." "சிரிக்காதீங்க, அழவும் வேணாம்." "தாடையை இறக்குங்க சார், என்னை அடிக்க வர்ற மாதிரி இருக்கு." நாளெல்லாம் இதே பாட்டுத்தான். ஊரில் பாதிப் பேர் பர்ஸில் முறைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றால் அதற்கு அண்ணிதான் காரணம்.

தொழிலில் அண்ணி ரொம்பக் கறார். ஒரு ரிட்டயர்டு கணக்கு வாத்தியார் ஒருநாள் கடைக்கு வந்தார். தலையில் பேருக்குக்கூட ஒரு முடி இல்லை. கையில் ஒரு பழைய படம், அதில் சுருள் சுருளாகக் கறுத்த முடி. இதிலேயே எட்டு காப்பி போட்டுக் கொடும்மா என்றார். அண்ணி படத்தை வாங்கிப் பார்த்தார், அவரைப் பார்த்தார், படத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

"இவர் நல்லா இருக்காரு சார். இவரை ஒருதரம் நேர்ல வரச் சொல்லுங்க."

வாத்தியார் கோபித்துக்கொண்டு போய், அடுத்த தெருக் கடைகளில் எல்லாம் ஏறி இறங்கி, மூன்றாம் நாள் திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். ஆறு மாதத்துக்குள் எடுத்த படம் என்பது விண்ணப்பத்தில் பொடி எழுத்தில் இருக்கும் விதி. அண்ணிக்கு ஆறு மாதமே அதிகம். "படம்னா இன்னிக்கு இருக்கிற மூஞ்சி. நேத்து மூஞ்சி வேணும்னா ஆல்பத்தைப் பாருங்க" என்பார். முகப்பருவை மறைக்கச் சொல்லி வருகிற பிள்ளைகளிடமும் இதே பேச்சுத்தான். சொந்தச் சித்தப்பாவே வெளியே நீட்டிய காது மடலைப் படத்தில் உள்ளே தள்ளச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தார், நடக்கவில்லை.

சரி, மாமா எப்படி இந்தக் கேமராவுக்குள் வந்தார்? கல்யாணமாகி மூன்றாவது வாரம் அண்ணன் கப்பலுக்குக் கிளம்பினான். புது மனைவியிடம் அவன் கேட்டது நகத்தளவிலிருந்து தான் வளர்த்த மீனைத் தினம் ஒரு படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்பதுதான். ராத்திரி எட்டரை மணிவாக்கில் கப்பலில் ஒரு பத்து நிமிஷம் நெட் கிடைக்கும், அந்த நேரத்தில் படம் வந்து நிற்க வேண்டும். அண்ணிக்கு மீன் என்றாலே வாடை ஆகாது. அப்படிப்பட்டவர் சரி என்று தலையாட்டிவிட்டார். சும்மா போனில் ஒன்று தட்டிவிட்டிருந்தால் முடிந்துபோயிருக்கும். தொழில்காரி ஆயிற்றே, மனசு வருமா? முதல் நாள் எடுத்த படத்தில் கண்ணாடியில் தன் முகமே தெரிகிறது என்று கறுப்புத் துணி வாங்கினார். இரண்டாம் வாரம் லென்ஸ் மாற்றினார். எட்டு வருஷம் ஓடிவிட்டது. அண்ணன் கடலில் இருந்த ஒருநாள்கூடப் படம் தவறியதில்லை.

அண்ணன் அனுப்பும் பதில்களைக் கேட்க வேண்டுமே. 'மாமா இளைச்சிட்டாரா?' 'வெள்ளரிக்காய் போட்டியா?' 'கட்டையை யார் நகத்தினது?' அவ்வளவுதான். ஒருநாள் எனக்கே பொறுக்காமல், ஏன் அண்ணி, உங்களை எப்படி இருக்கேன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டானா என்று கேட்டுவிட்டேன். அண்ணி வெங்காயம் நறுக்கிக்கொண்டே நிதானமாகச் சொன்னார்.

"மாமா நல்லா இருந்தா வீடு நல்லா இருக்குன்னு அர்த்தம் தம்பி. அதுக்கு மேல எதுக்கு ஒரு கேள்வி?"

புருஷன் பெண்டாட்டிக்குள் ஆயிரம் இருக்கும்.

அண்ணி காலை ஏழரைக்குப் படமெடுக்கத் தொடங்குவார். முதலில் கண்ணாடி. வெளிப்பக்கம் அண்ணனின் கிழிந்த பனியனால், வெறும் தண்ணீர் தொட்டு. சோப்பு கூடாது, ஒரு சொட்டு உள்ளே போனாலும் மீனுக்கு ஆபத்து. உள்பக்கம் படியும் பாசியைச் சுரண்டக் காலாவதியான அடையாள அட்டை ஒன்று வைத்திருக்கிறார், என்னுடையது. அதிலும் நான் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். பிறகு ஜன்னல் திரைகளை இழுத்து ஹாலை இருட்டாக்குவார். ஃபிளாஷைத் தொட்டியின் மூடிமேல் கவிழ்த்து வைப்பார். எதிரே வைத்தால் மீனின் கண் வெள்ளையாகிவிடுமாம். ஒரு வெள்ளரித் துண்டை முள்கரண்டியில் குத்தி உள்ளே இறக்குவார், அது மாமாவுக்கு அழைப்பு. வாசனை பிடித்து மாமா தன் உடைந்த பூந்தொட்டிக்குள்ளிருந்து புறப்பட்டு வர ஐந்து நிமிஷமும் ஆகலாம், அரை மணியும் ஆகலாம்.

வந்தவுடன் அமுக்கிவிட முடியாது. பக்கவாட்டில் முழு உடம்பு தெரிய வேண்டும். முதுகுத் துடுப்பு விரிந்திருக்க வேண்டும். தாடிக் கிளைகளை எண்ணிப் பார்க்கும்படி இருக்க வேண்டும். இந்த இடத்தில்தான் வாண்டுகள் வருவார்கள். தொட்டியின் அடியில் மணலை முகர்ந்துகொண்டே திரியும் ஐந்து குட்டிக் கெளுத்திகள், கட்டை விரல் அளவு. அதுகளுக்கு ஒரு பழக்கம், திடீரென்று விர்ரென்று மேலே போய் ஒரு வாய்க் காற்றை விழுங்கிவிட்டு அதே வேகத்தில் கீழே வரும். மாமா சரியாக நின்ற நொடியில் ஏதாவது ஒன்று குறுக்கே பாய்ந்திருக்கும். "அடேய் பசங்களா, ஆள் மாறாட்டம் பண்ணாதீங்கடா" என்று துணிக்குள்ளிருந்து சத்தம் வரும். இதெல்லாம் போக, கோடு போட்ட சின்ன மீன்கள் பத்தும் உண்டு. அவை மாமா இருக்கும் பக்கமே வராது.

இன்னொன்று சொல்ல வேண்டும், அது முக்கியம். ஃபில்டர் மோட்டார் ஓடினால் தண்ணீர் அலையும், தூசு பறக்கும், செடி ஆடும், படம் மங்கும். அதனால் படம் எடுப்பதற்குக் கால் மணி முன்பே அண்ணி ஃபில்டரின் பிளக்கைப் பிடுங்கிவிடுவார். எடுத்து முடித்ததும் திரும்பச் செருக வேண்டும். மறந்தால் தொட்டியில் காற்று குறைந்துபோகும். மறக்காமல் இருக்க அண்ணி ஒரு வழி வைத்திருக்கிறார். பிடுங்கிய பிளக்கின் கம்பியில் கடைச் சாவியின் வளையத்தை மாட்டிவிடுவார். சாவி இல்லாமல் கடையைத் திறக்க முடியாது. சாவியை எடுக்கப் போனால் பிளக்கைத் தொட்டாக வேண்டும். தொட்டால் செருகிவிடுவார். எட்டு வருஷமாக இந்த ஏற்பாடு ஒருநாள்கூடத் தப்பியதில்லை. அதைக் கெடுக்க வீட்டிலேயே ஓர் ஆள் இருந்தான்.

அன்றைக்கு வியாழக்கிழமை. பிளக் வெளியே, சாவி பிளக்கில், அண்ணி துணிக்குள். இருபது படம்போல எடுத்திருப்பார். வாசலில் மணி அடித்தது. ஒரு நர்ஸுப் பெண், கண்ணெல்லாம் கலங்கி நிற்கிறாள். பத்து மணிக்கு இன்டர்வியூவாம். கொண்டுபோன படத்தில் பின்னணி நீலமாக இருக்கிறது, வெள்ளையில்தான் வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். கடை பூட்டியிருக்கவும் யாரையோ விசாரித்து வீட்டுக்கே வந்துவிட்டாள். வெளியே டாக்சி உறுமிக்கொண்டு நிற்கிறது. அண்ணி துணியை உதறிவிட்டு அவளோடு கிளம்பிவிட்டார். கேட்டை அடைந்த பிறகுதான் ஞாபகம் வந்து, அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"தம்பி, சாவி!"

நான் மாடியிலிருந்து இறங்கி வந்தேன். பிளக்கிலிருந்து சாவியை உருவினேன். வாசலில் நின்று வீசினேன். அண்ணி ஒரு கையால் பிடித்தார். சபாஷ் என்றுகூடச் சொன்னேன். பிளக்கை நான் கீழே விட்டுவிட்டேன் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? சாவி கைக்கு வந்துவிட்டால் பிளக் செருகியாயிற்று, அவர் மூளை அப்படித்தான் பழகியிருந்தது. என் மூளை எதற்கும் பழகியதில்லை.

நான் மாடிக்குப் போய் ஒரு வாஷிங் மெஷின் புத்தகத்தில் உட்கார்ந்தேன். அன்றைக்கு வீட்டில் என்னவோ நிம்மதியாக இருந்தது, எழுத்து வழுக்கிக்கொண்டு போயிற்று. கீழேயிருந்து எந்நேரமும் வரும் அந்த உர்ர்ர் சத்தம் இல்லாததுதான் காரணம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மதியம் கீழே வந்து சாப்பிட்டேன். திரை இழுத்த ஹால் இருட்டாகக் கிடந்தது, திரும்பிக்கூடப் பார்க்காமல் சமையலறைக்குப் போய்த் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன். பிற்பகல் நான் எழுதி முடித்தது 'கோளாறுகளும் தீர்வுகளும்' பக்கம். அதன் முதல் வரி எந்த மெஷினுக்கும் ஒன்றுதான், ஆயிரம் தடவை எழுதியிருப்பேன். 'எங்களை அழைப்பதற்கு முன், பிளக் சரியாகப் பொருத்தப்பட்டிருக்கிறதா என்று பார்க்கவும்.' வெட்கக்கேடு.

சாயங்காலம் ஆறரைக்கு அண்ணி வந்தார். திரையை விலக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் "தம்பி" என்று ஒரே ஒரு வார்த்தை. சத்தமாகக்கூட இல்லை. நான் படிகளில் இறங்கி ஓடினேன்.

தொட்டித் தண்ணீர் அசையாமல் நின்றது. கோடு போட்ட மீன்கள் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. இரண்டு செத்து மிதந்தன. வாண்டுகள் ஐந்தும் மேலும் கீழுமாக ஓய்வில்லாமல் ஓடிக் காற்றை விழுங்கிக்கொண்டிருந்தன. மாமா பூந்தொட்டிக்கு வெளியே, மணலில், ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தார். கறுப்பு உடம்பு சாம்பலாக வெளுத்திருந்தது. அண்ணி தரையில் கிடந்த பிளக்கைப் பார்த்தார். தன் கையிலிருந்த சாவியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

நான் பாய்ந்து பிளக்கை எடுத்தேன்.

"போடாதீங்க!"

எட்டு வருஷத்தில் அண்ணி என்னிடம் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. நாள் முழுக்க ஓடாமல் கிடந்த ஃபில்டருக்குள் அழுக்கு கெட்டுப்போயிருக்கும், அப்படியே ஓடவிட்டால் அத்தனையும் தொட்டிக்குள் வந்து மிச்சத்தையும் கொன்றுவிடும் என்று பிறகுதான் விளக்கினார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அண்ணிக்கு இரண்டும் ஓடின. தொட்டியிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் எடுத்தார். ஃபில்டரைக் கழற்றி, பஞ்சை அந்த வாளியிலேயே பிழிந்து பிழிந்து அலசினார். என் கையில் ஒரு மக்கைக் கொடுத்தார். தொட்டித் தண்ணீரை மொண்டு, உயரத் தூக்கி, நுரைக்க நுரைக்கத் திரும்ப அதிலேயே ஊற்ற வேண்டும், காற்று கலக்கட்டும், நான் சொல்கிறவரை நிறுத்தக் கூடாது என்றார். நான் ஊற்றினேன். மொண்டு, தூக்கி, ஊற்றி, மொண்டு, தூக்கி, ஊற்றி. தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. மீனுக்காக நான் அழுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். பக்கத்தில் அண்ணியும் மூக்கை உறிஞ்சிக்கொண்டேதான் பஞ்சைப் பிழிந்தார்.

பாதித் தண்ணீரை மாற்றி, ஃபில்டரைப் பூட்டி, பிளக்கைச் செருகியபோது மணி எட்டு. உர்ர்ர் என்றது. எட்டு வருஷமாக நான் கரித்துக்கொட்டிய சத்தம். அன்றைக்கு அதைக் கேட்டதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கோடு போட்ட மீன்கள் மெல்லக் கீழே இறங்கின. மாமா மட்டும் சாய்ந்தபடியே கிடந்தார். துடுப்புகள் உடம்போடு ஒட்டிக் கிடந்தன. செவுள் அசைகிறதா இல்லையா என்று மூக்கைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தால்தான் தெரிந்தது.

எட்டரைக்குக் கப்பலில் நெட் வரும். படம் போக வேண்டும். நான் மெதுவாக ஆரம்பித்தேன். காலையில் எடுத்த இருபது படம் கேமராவில் இருக்கிறதே, அதில் ஒன்றை அனுப்பினால் என்ன? அண்ணன் நாலாயிரம் மைலுக்கு அப்பால் இன்ஜின் சூட்டில் நிற்கிறான், இதைப் பார்த்துவிட்டு என்ன செய்யப் போகிறான், ராத்திரி தூக்கம் கெட்டதுதான் மிச்சம். நாளைக்கு மாமா தேறிவிட்டால் சொல்லாமலே விட்டுவிடலாம். அதுவும் இன்றைக்கு எடுத்த படம்தானே, உங்கள் சட்டத்துக்கு உட்பட்டதுதானே என்றெல்லாம் வக்கீல் மாதிரி வாதாடினேன்.

அண்ணி கேமராவைத் திறந்து காலைப் படங்களைப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். ஒன்று அபாரமாக விழுந்திருந்தது. விரிந்த துடுப்பு, கூரான தாடி, கண்ணில் ஒரு பொட்டு வெளிச்சம். அண்ணி அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மனசு ஆடிவிட்டது என்றே நினைத்தேன்.

"இன்னிக்கு எடுத்ததுதான். ஆனா இது காலைல இருந்த மாமா. இப்ப இருக்கிறவரு இவரு இல்லையே."

கறுப்புத் துணி வேண்டாம், ஃபிளாஷ் வேண்டாம் என்று, ஹால் வெளிச்சத்திலேயே ஒரே ஒரு படம் எடுத்தார். மங்கலாக, புள்ளி புள்ளியாக விழுந்தது. கடையில் அப்படி ஒரு படம் எடுத்திருந்தால் கிழித்துப் போட்டிருப்பார். அதை அனுப்பி, கீழே எழுதினார். 'இப்ப எடுத்தது. காலைல ஃபில்டர் போடாம கடைக்குப் போயிட்டேன். மாமாவுக்கு ரொம்ப முடியல. கோடு மீன் ரெண்டு போயிடுச்சு.' சாவியை எடுத்தது நான் என்று எழுதுங்கள் அண்ணி என்றேன். பிளக்கைப் பிடுங்கியது தான்தானே என்று சொல்லிவிட்டு அனுப்பும் பொத்தானை அமுக்கிவிட்டார். நான் மாடிக்குப் போய், என் பங்குக்கு நடந்ததை எல்லாம் அண்ணனுக்குத் தனியாக எழுதினேன்.

படிக்கிறவர்களைத் தவிக்கவிடுவது எனக்குப் பிடிக்காது. மாமா பிழைத்துக்கொண்டார். ஐந்தாம் நாள் காலை வெள்ளரித் துண்டின் நடுவில் ஓட்டை விழுந்திருந்தது, நான் தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். இப்போது பழைய தாடி, பழைய வீறாப்பு, பழைய மடக்கல். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை எங்கள் யாருக்கும் அது தெரியாது. மாமா அப்படியே சாய்ந்துதான் கிடந்தார்.

வியாழக்கிழமை ராத்திரி பதில் வரவில்லை. கப்பலில் நெட் வரவில்லையா, அண்ணனுக்கு வார்த்தை வரவில்லையா, தெரியவில்லை. அண்ணி போனைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தாராம். மறுநாள் கடைக்குப் போகவில்லை. கப்பலில் நேரம் தப்பி நெட் கிடைத்ததோ என்னவோ, மதியமே பதில் வந்தது. லைட் போடக் கூடாது, தொட்டியைத் துணியால் மூடி இருட்டாக்கி வை, மூன்று நாள் யாரும் தொந்தரவு பண்ணக் கூடாது, பழைய உடம்பு, தாங்கும் என்று அண்ணன் எழுதியிருந்தான். கோபமாக ஒரு வார்த்தை இல்லை. அப்படி இல்லாததே கோபமா என்று அண்ணி பத்துத் தடவை படித்துப் பார்த்தார், என்னையும் படிக்கச் சொன்னார். பிறகு கறுப்புத் துணியைக் கொண்டுவந்து தொட்டியை நாலு பக்கமும் மூடினார். மூடி முடித்த கையோடு இன்னொரு பதில் வந்தது.

'படம் அனுப்பு.'

அண்ணனைப் பற்றி என்ன சொல்ல? மூடு என்கிறான், படமும் கேட்கிறான். எந்த மீனை எப்படி எடுப்பதாம்? எனக்கு எரிச்சலாக வந்தது. அண்ணி சோபாவில் உட்கார்ந்துவிட்டார். மணி ஏழு ஆயிற்று, ஏழரை ஆயிற்று. துணியை ஒரு ஓரம் தூக்கி எடுத்துவிடலாமா என்றேன். உங்கள் அண்ணன் தொந்தரவு பண்ண வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாரே என்றார். பழைய படம் என்று நான் வாயெடுக்கவே இல்லை, நேற்று பட்டது போதும். மூடிய தொட்டியையாவது எடுத்து அனுப்புங்கள் என்றேன். துணியைப் பார்த்து அவர் என்ன தெரிந்துகொள்வார் என்று கேட்டார். இன்னும் முக்கால் மணி நேரம்தான் இருந்தது. ஒருநாள் படம் தவறினால் குடி முழுகிப்போகாது என்று சொல்லிப் பார்த்தேன். அண்ணி காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்தார். கேமராவை எடுத்து வந்து என் கையில் திணித்தார். சமையலறை ஸ்டூலை இழுத்து, மூடிய தொட்டிக்கு முன்னால் போட்டார். அதில் உட்கார்ந்தார்.

"என்னை எடுங்க தம்பி."

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. மீன் படம் என்று அண்ணன் எழுதியிருக்கவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. கேமராவை எப்படிப் பிடிப்பது என்றே தெரியாமல் நின்றேன். அதற்குள் அவரே எழுந்து, "இருங்க" என்று உள்ளே போய்விட்டார். போனவர் வர ரொம்ப நேரமாயிற்று. தலையை வாரிக்கொண்டு வந்தார். எனக்கென்னவோ போனது போலவேதான் வந்தார் என்று பட்டது, ஆனால் அதைச் சொல்லும் அளவுக்கு நான் முட்டாள் இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, முதுகை நிமிர்த்தி, இரண்டு கையையும் முழங்காலில் வைத்து, என்னை முறைத்தார். பாஸ்போர்ட்டுக்கா எடுக்கிறோம் அண்ணி என்று கேட்டேன். கொஞ்சம் தளர்ந்தார். தளர்ந்ததும் முகத்தில் எல்லாம் தெரிந்தது. நேற்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை, இமை தடித்திருந்தது, மூக்கு நுனி சிவந்திருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. கண்ணெல்லாம் வீங்கியிருக்கிறதே, முகத்தைக் கழுவிக்கொண்டு வாருங்களேன், இல்லாவிட்டால் நாளைக்கு எடுப்போமே என்றேன்.

"இன்னிக்குத்தானே கேட்டிருக்காரு" என்றார்.

அமுக்கினேன். கேமரா ஒரு தரம் சொடுக்கியது. எனக்குத் தெரிந்த லட்சணத்தில் அது சரியாக வந்ததா, ஆடிவிட்டதா, ஒன்றும் தெரியவில்லை. அண்ணி, காட்டுங்க என்று கையை நீட்டினார். நான் கேமராவைக் கொடுக்கப் போனேன். பாதி வழியில் அந்தக் கை நின்றது. அதைத் திரும்ப மடியில் வைத்து, இன்னொரு கையால் மூடிக்கொண்டார்.

"வேணாம். அப்படியே அனுப்பிடுங்க."